எடைக்கு எடை வெல்லம்

அழகுராஜா சாப்பிடாமல் கிடந்ததை எங்கள் ஊரில் யாரும் நோய் என்று சொல்லவில்லை. விரதம் என்றார்கள். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விரதத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் அம்மா செவ்வாய்க்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பிடுவாள். மறுநாள் காலையில் அதற்கும் சேர்த்து இட்லியை ஒரு கை பார்த்துவிடுவாள். விரதம் என்றால் அப்படி முடிய வேண்டும். அழகுராஜாவின் விரதம் முடியவே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி மாலை போட்டான். பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினான். புரட்டாசி சனி, ஐப்பசியில் சஷ்டி, கார்த்திகையில் ஐயப்பன். ஒரு மாலை கழுத்தை விட்டு இறங்கும் முன்பே அடுத்தது ஏறிவிடும். யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் மாலையைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான். கொடுத்தவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவார்கள்.

எங்கள் ஊர் கண்டனூரைத் தாண்டி, காரைக்குடி டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற சின்ன ஊர். அவன் அம்மா ஈஸ்வரி எனக்கு அயித்தை முறை. அவன் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்சு. கல்லூரியிலும் ஒரே வகுப்புக்கு எழுதிப் போட்டோம். முத்தரசு எங்கே என்று என்னைத் தேடி யாராவது கேட்டால், அழகுராஜா எங்கே இருக்கிறான் என்று பார், அங்கே இருப்பான் என்பார்கள்.

பள்ளி நாட்களில் அவன் நல்ல கனம். எங்கள் கூட்டத்திலேயே அதிகம் சிரிக்கிறவனும் அவன்தான். கூடப் படித்தவர்கள் தார் டிரம் என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு அது உறைக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த கோடையில் கல்யாண வீடுகளில் பரிமாறப் போனோம். கண்டனூரில் பாதி வீடுகள் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கல்யாணம் என்றால்தான் கதவைத் திறப்பார்கள். அன்றைக்கு வீட்டு நடுமுற்றமான வளவு முழுக்க இலை போட்டு, நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தார்கள். அழகுராஜா சாம்பார் வாளியோடு பந்திக்குள் நுழைந்தான். சமையல் மேஸ்திரி பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார். “தம்பி, நீ உள்ள போகாத. ரெண்டு எலைக்கு நடுவுல ஒன் ஒடம்பு திரும்பாது. அங்குட்டுப் போயி தண்ணி டிரம்முகிட்ட நில்லு.” உட்கார்ந்திருந்த பந்தி முழுக்கச் சிரித்தது. எங்கள் வயதுப் பெண்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று சொன்னான். “இன்னைக்கு நான் ஒண்ணுமே சாப்பிடல மாப்ள. ஒண்ணும் ஆகல பாத்தியா.” ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னான். நானும் ஆமாம்டா என்றேன்.

அதற்குப் பிறகு ஊரே அவனைப் பாராட்டியது. எப்படிடா இப்படி இறக்கினாய் என்று பெரிய ஆட்கள் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். அவன் அப்பா போனில் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான்டா ஆம்பளை மாதிரி இருக்கிறாய் என்றார். ஒருவர் விடாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது யார்தான் நிறுத்துவார்கள்? அவன் நிறுத்தவில்லை. எல்லாரும் போதும் என்று நினைத்த இடத்தைத் தாண்டி எடை இறங்கிக்கொண்டே போனது. அப்போதுதான் மாலைகள் வந்தன.

சாப்பாட்டை வெறுத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அவன் பேச்சு முழுக்கச் சாப்பாடுதான். போனில் எந்நேரமும் யாராவது பிரியாணி கிளறிக்கொண்டிருப்பார்கள். கல்லூரிக்கு அயித்தை கட்டிக்கொடுக்கும் டப்பாவை அப்படியே எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுப்பான். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ருசி எப்படி, உப்பு சரியா, இன்னொரு வாய் வை என்பான். எனக்குத் தொப்பை விழுந்ததுதான் மிச்சம். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டான். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். சிரிப்பு முற்றிலும் போய்விட்டது. என் நண்பனுக்குப் பதில் அவன் முகத்தை வைத்துக்கொண்டு வேறு யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

போன ஆவணியில் ஊருணியில் குளிக்கும்போது அவன் அரைஞாண் கயிற்றைப் பார்த்துவிட்டேன். உடம்பு இறங்க இறங்க, கயிற்றை மாற்றிக் கட்டாமல், முடிச்சுப் போட்டுப் போட்டு இறுக்கிக்கொண்டே வந்திருந்தான். இடுப்பில் வரிசையாக முடிச்சுகள். பரீட்சையில் வாங்கிய மார்க்கைத் தடவிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தடவினான். எலும்பு துருத்திக்கொண்டிருந்த இடத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்து, இங்கே இன்னும் கொஞ்சம் இருக்கிறது மாப்ள என்றான். அங்கே ஒன்றுமே இல்லை. நான் சத்தம் போட்டேன். விரதத்தில் இருக்கிறவனிடம் இப்படிப் பேசாதே என்று துண்டைப் போர்த்திக்கொண்டு கரையேறிவிட்டான்.

மார்கழிக் கடைசியில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்ற நிலையிலேயே விழுந்தான். ஆட்டோவில் ஏற்றி, பக்கத்திலிருந்த டாக்டர் சித்ராவின் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். அவர் நாடியைப் பிடித்தார். இதயத்துடிப்பை மெஷினில் எடுத்து, ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார். எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது, ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிட்டது, இப்படியே விட்டால் தூக்கத்திலேயே நின்றுவிடலாம் என்றார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அழகுராஜா வழக்கம்போல மாலையைத் தொட்டான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகிறேன், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

“இது விரதம் இல்ல தம்பி. இது நோய். ஆம்பளப் பசங்களுக்கும் வரும்” என்றார் டாக்டர். “இந்த உடம்போட நீங்க பழனி போய்ச் சேர மாட்டீங்க.”

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுப் பெரியவர்களை உடனே அழைத்து வரச் சொன்னார்.

பஸ் எங்கள் ஊருக்கு வருவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே அழகுராஜா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். அங்கே ரோட்டோரம் கருப்பர் இருக்கிறார். பெட்டிக்கடையில் சூடம் வாங்கிப் பீடத்தில் ஏற்றினான். டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணு என்றான். நான் மாட்டேன் என்றேன். அப்போது அவன் அழுதான். மேஸ்திரி சொன்னதற்கும் அழாதவன், தார் டிரம்முக்கும் அழாதவன், ரோட்டோரம் நின்று தேம்பினான்.

“எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்டா. இதையும் புடுங்கிராதீக. நீ சொன்னேன்னா ராத்திரியே எங்கயாச்சும் போயிருவேன். அப்புறம் தேடாதீக.”

அவன் சொன்னால் செய்வான். நான் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன்.

கருப்பராவது சத்தியமாவது என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. கருப்பர் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணியவன் வீடு விளங்காது என்று கேட்டே வளர்ந்தவன். என் வாயைக் கட்டியாகிவிட்டது. பழனி நடை கிளம்ப இன்னும் சில நாள்தான் இருந்தது. அவன் வழியில் எங்காவது, திருப்பத்தூர் தாண்டி ஏதோ ஒரு புளியமரத்தடியில், விழுந்து எழுந்திருக்காமல் கிடப்பது கண்ணிலேயே நின்றது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு காலை அயித்தை வீட்டுக்குப் போனேன். அவள் நடைக்குப் புதுத் துண்டு, காலுக்குத் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளையைப் போல எவன் இருக்கிறான் என்று பூரித்துப் பேசினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சாமி அலமாரியைப் பார்த்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று, துணி வெளுத்துத் தூசி படிந்து கிடந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் அவனுக்கு டெங்கு வந்து பிழைப்பானா என்று கிடந்தபோது, எழுந்து நடந்தால் அவன் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று ஊர் அம்மனுக்கு நேர்ந்து அயித்தை காசு முடிந்தாள். அவன் எழுந்தான். சந்தோஷத்தில் அவள் மறந்துவிட்டாள்.

“அயித்தே, அந்தக் காசு எதுக்கு முடிஞ்சீக?” என்று கேட்டேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. கேட்கும்போதே அடுத்து நடக்கப் போவது எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் ஒரு தட்டில் அவனையும் ஒரு தட்டில் வெல்லத்தையும் வைத்து ஊர் பார்க்க நிறுப்பார்கள். நான் சொல்ல முடியாததைத் தராசு சொல்லட்டும்.

அயித்தைக்கு முகம் செத்துவிட்டது. ஊரில் இருக்கிற ஆத்தாளுக்குக் குறை வைத்துவிட்டு மலை ஏறினால் எந்தச் சாமி ஏற்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நடை கிளம்பும் முன்பே, தை முதல் வெள்ளியில் துலாபாரம் என்று முடிவாயிற்று. பழனி போய் வந்து பார்க்கலாம் என்று அழகுராஜா எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்தான். நீதான் ஞாபகப்படுத்தினாயாமே என்றான். நான் காசு எதற்கு என்றுதான் கேட்டேன் என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அயித்தை குட்டியானை வண்டியில் வெல்லத்தைக் கொண்டுவந்து இறக்கினாள். திருப்பத்தூர்ச் சந்தையில் வாங்கிய உருண்டை வெல்லம், சிப்பம் சிப்பமாக. பன்னிரண்டாவது முடிக்கும்போது அவன் இருந்த இருப்பை மனசில் வைத்து வாங்கியிருக்கிறாள். கொஞ்சம் இளைத்துத்தான் இருப்பான், அதற்காகச் சாமி காரியத்தில் கணக்குப் பார்ப்பார்களா, கூடவே இருக்கட்டும் என்றாள். கோயில் வாசலில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி போனை உயர்த்திப் பிடித்து, சிங்கப்பூரில் இருந்த மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அழகுராஜா கோயில் குழாயடியில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். தண்ணீராவது குடிக்கிறானே என்று நினைத்தேன். தடித்த காவி வேட்டியை இடுப்பில் பெரிதாகச் சுருட்டிக் கட்டி, மேலே கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தான். குளிர்கிறது என்றான்.

பூசாரி தங்கச்சாமி சங்கிலித் தராசின் ஒரு தட்டில் வெல்லத்தை அடுக்கி, மறு தட்டில் அவனை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். தட்டு அசையவே இல்லை. வெல்லத் தட்டு தரையோடு தரையாகக் கிடந்தது. அவன் அந்தரத்தில் இருந்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஈஸ்வரி கணக்கில் மோசம் என்றார்கள். பூசாரி நாலு உருண்டை எடுத்தார். அசையவில்லை. இன்னும் எடுத்தார். ஒரு சிப்பம் முழுதாக இறங்கியது. தட்டு அப்படியே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. உருண்டைகள் சாக்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூசாரி ஒரு முறை தராசின் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். கொக்கி சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் எடுத்தார்.

இப்போது பார்ப்பார்கள், இப்போது புரியும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் மாரீஸ்வரி உடம்பெல்லாம் சிலிர்த்துச் சொன்னாள்.

“ஆத்தா அவன் பாரத்த வாங்கிக்கிட்டாடி. விரதம் இருந்த ஒடம்பப் பூவா ஆக்கிட்டா.”

சொல்லிவிட்டுக் குலவை போட்டாள். பக்கத்தில் நின்றவள் போட்டாள். மண்டபம் முழுக்கக் குலவை எழுந்தது. ஒருத்தி அவனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். போனில் அவன் அப்பாவும் கும்பிடுவது தெரிந்தது. தராசு உண்மையைத்தான் சொன்னது. இவர்கள் காதில் அது வேறாக விழுந்துவிட்டது. அவனைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டி வந்து சாமியாக்கிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. பயத்துக்கு நடுவில் துளிப் பெருமையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. கருப்பர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்று கத்தப் போனேன்.

அதற்குள் அயித்தை முன்னால் வந்துவிட்டாள். குலவை போட வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போன கை அப்படியே நின்றிருந்தது. அவள் மகனைப் பார்க்கவில்லை. நிறைந்துகொண்டே போன சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரியை நிறுத்தச் சொன்னாள். நேராக மகனிடம் போய், அவன் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுப்பது போலத் தூக்கினாள். கல்லூரிக்குப் போகிற பையன், அவளைவிட உயரமானவன், தட்டை விட்டு அப்படியே வந்துவிட்டான். தூக்கியவள் அவனைக் கீழே விடாமல் திகைத்து நின்றாள்.

அவன் இடுப்புச் சுருட்டு அவிழ்ந்தது. இரும்பு எடைக்கல் ஒன்று கல் தரையில் விழுந்து உருண்டது. பின்னாலேயே இன்னொன்று விழுந்தது. அவன் தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையின் எடைக்கற்கள். பாதிக் குலவை தொண்டையிலேயே நின்றுபோயிற்று.

இரும்பையும் கட்டிக்கொண்டுதான் அவன் அந்தரத்தில் இருந்திருக்கிறான்.

சாமியையே ஏமாற்றப் பார்த்தானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அயித்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் அடங்கியது. அவனை மெதுவாக நிறுத்தி, வேட்டியைச் சரியாகக் கட்டிவிட்டாள். அப்போது அந்த முடிச்சுகள் அவள் விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கை ஓரிடத்தில் நின்று, பிறகு நகர்ந்தது. சன்னிதியைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஆத்தா, ஒங்கிட்ட முழுப் பிள்ளையத்தான் வாங்குனேன். பாதியத்தான் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். எனக்குக் கண்ணில்லாமப் போச்சு.”

அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே பேச்சில் குழறல் இல்லாமல் பூசாரியிடம் சொன்னாள். “எடுத்த வெல்லத்த வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன். அதுவும் ஆத்தாளுக்கு நேந்ததுதான். சாக்கோட இங்கயே இருக்கட்டும். இவன் எடை வந்ததும் கூட்டியாந்து மிச்சத்தையும் நிறுத்துத் தாரேன்.”

பூசாரி சாக்கின் வாயைக் கட்டி மடைப்பள்ளியில் கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்து, நேர்த்தி முடியவில்லை, குறை நிற்கிறது, குறையோடு மலை ஏறக் கூடாது என்றார். அயித்தை மகனின் கழுத்தைக் காட்டினாள். அவர் மந்திரம் சொல்லி மாலையைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தார். இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் சண்டைக்கும் டாக்டர் பேச்சுக்கும் இறங்காத மாலை ஒரு சாக்கு வெல்லத்தால் இறங்கியது. அழகுராஜா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அயித்தை என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒனக்குத் தெரியுமா முத்து?”

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது.

“சத்தியம் வாங்கிட்டானா?”

தலையாட்டினேன்.

“அப்பச் சொல்ல வேணாம். எங்க போகணுமோ, நீ முன்னால நட. நாங்க பின்னால வாரோம்.”

நடந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவர்கள் பின்னால் ஏறினார்கள். காரைக்குடியில் இறங்கி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கிளினிக் வாசலில் போய் நின்றேன். அயித்தை அவன் கையை விடாமல் உள்ளே நுழைந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மதுரையில் பல வாரம் கிடந்தான். அவன் அப்பா லீவு போட்டு வந்தார். ஆம்பளை மாதிரி இருக்கிறாய் என்று சொன்னேனே, சொன்னேனே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். ஊரில் செய்வினை என்றார்கள். எவளோ ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரோடு நான் கைகலப்பு வரைக்கும் போனேன். போனதற்கு வருத்தமும் இல்லை. நோய்தான், வைத்தியம் நடக்கிறது என்று சொன்னால், ஆம்பளைப் பையனுக்கு இப்படியெல்லாமா வரும் என்று திரும்பக் கேட்பார்கள்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தான். மூன்று வேளையும் அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும் என்று மதுரை டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். என்னால் முடிந்தபோதெல்லாம் நான் போய் உட்கார்ந்தேன். அவன் தட்டைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்வான். ஒரு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் சட்னி காய்ந்துவிடும். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கல்லூரிக் கதை, கிரிக்கெட், எதையாவது நானே பேசிக்கொண்டிருப்பேன். அவன் பேசாதது எனக்கு வலித்தது. ஆனால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவன் உயிரோடுதானே உட்கார்ந்திருக்கிறான் என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

சித்திரையில் எனக்குக் கல்லூரியில் பரீட்சை. ஒரு நாள் மத்தியானம் என்னால் போக முடியவில்லை. அயித்தையும் ஏதோ வேலையாகக் கொல்லைப்பக்கம் இருந்திருக்கிறாள். நான் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, கருப்பர் இருக்கிற முந்தைய நிறுத்தத்தில் அழகுராஜா நிற்பதைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, இறங்கு என்று கையைக் காட்டினான்.

இறங்கினேன். அவன் நேராகக் கருப்பரிடம் நடந்தான். பையிலிருந்து சூடத்தை எடுத்துப் பீடத்தில் ஏற்றினான். திரும்பவும் சத்தியம் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்காமல் கருப்பரைப் பார்த்துப் பேசினான்.

“இவன் பண்ணுன சத்தியத்த நான் திருப்பி வாங்கிக்கிட்டேன். இவன் மேல குத்தம் இல்ல.”

சூடம் தானாக எரிந்து முடிகிற வரை இரண்டு பேரும் நின்றோம். யாரும் அணைக்கவில்லை. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

“மத்தியானச் சோத்த நாய்க்குப் போட்டுட்டேன் மாப்ள. அம்மா தட்டப் பாத்துட்டு, சாப்புட்டுட்டேன்னு நெனச்சு சந்தோசமா இருக்கு. நானே சொல்லலாம்னு நெனச்சேன். வாய் வரல. நீ போயிச் சொல்லு. இனிமேயும் நீதான் சொல்லணும்.”

வீடு வரைக்கும் இருவரும் சேர்ந்து நடந்தோம். அயித்தை அடுப்படியில் இருந்தாள். அவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். நான் உள்ளே போனேன்.

“அயித்தே, அழகு மத்தியானம் சாப்பிடல. சோத்த நாய்க்குப் போட்டுட்டான்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலாக, நிலைப்படியில் நின்ற அவனையும் பார்த்தாள். பானையை எடுத்து அரிசி களைய ஆரம்பித்தாள். சோறு வேகிற வரைக்கும் நானும் அவனும் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வடித்துத் தட்டில் போட்டபோது, அவன் தட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. என் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டான்.